மூன்றாம் கட்டத்தில் எழுதியிருப்பது

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று அந்தப் பெண் சொல்லி முடிக்குமுன் சந்தனமாரி ஒருக்களித்துவிட்டாள், மூச்சை வெளியே விட்டு நிறுத்தியும் கொண்டாள், ஆறு வருஷமாகச் செய்கிற காரியம், இதையும் ஒருத்தர் சொல்லவேண்டுமா. வெள்ளைக் கோட்டில் ரெனிட்டா என்று பெயர் குத்தியிருந்த மாணவி, அவளுடைய இடது மார்புக்குக் கீழே குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே இல்லை பிள்ளை, இன்னும் ரெண்டு விரல் தள்ளி வை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லக் கூடாது. பரீட்சைக்கு வந்து படுத்திருக்கிற நோயாளி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும், வியாதியின் பெயரை உளறிவிடக் கூடாது, அதுதான் சட்டம். டாக்டர் படிப்பில் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிட்டால் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், "சந்தனமாரியா, எக்ஸாம் கேஸுக்கு ஆள் வேணும், செவ்வாய்க்கிழமையே வந்து அட்மிட் ஆயிரு" என்று. அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய் உள்ளே ஒரு உறுமல் சத்தம் உண்டு, புஸ்தகத்தில் எழுதியிருக்கிற அதே சத்தமாம், அத்தனை சுத்தமாம். "நல்ல கேஸ்" என்பார் பெரிய டாக்டர் கோமதிநாயகம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்களே, அந்தக் குரலில். மூச்சு முட்டியது. விடலாமா என்று கண்ணால் கேட்டாள், அந்தப் பெண் கண்ணைத் திறந்தால்தானே. ஒருவழியாகச் சத்தம் அகப்பட்டுவிட்டது போல, முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. சந்தோஷப்படு தாயி, உனக்குக் கிடைத்துவிட்டது. இந்தச் சத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு நாலு படி ஏறமுடியாமல் சுவரைப் பிடித்து நிற்கிறவள் யார், எந்த ஊர், என்ன பிழைப்பு என்று கேள். அதற்கும் கேள்வி உண்டுதான். அச்சடித்த தாளில், மூன்றாவது கட்டத்தில்.

அந்தத் தாள் வந்து ஐந்து வருஷம் இருக்கும். அதற்கு முன்பெல்லாம் வருகிற பிள்ளைகள் மூச்சு வாங்குதா, இருமல் உண்டா, கால் வீங்குதா என்று கேட்பார்கள், குழாயை வைப்பார்கள், போய்விடுவார்கள். பிறகு ஒருநாள் கோமதிநாயகம் டாக்டர் அவள் கட்டிலைச் சுற்றி இருபது பிள்ளைகளை நிறுத்திவைத்து ஒரு பிரசங்கம் பண்ணினார். வியாதி உடம்பில் மட்டும் இல்லையாம், மனதிலும் இருக்கிறதாம், வீட்டிலும் தெருவிலும் வேலைபார்க்கிற இடத்திலும் இருக்கிறதாம், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவன் டாக்டரே இல்லையாம், உலகத்தில் வைத்தியமே இப்போது அந்த வழியில்தான் திரும்பிக்கொண்டிருக்கிறதாம். அதற்காகத் தானே உட்கார்ந்து ஒரு தாள் தயார் பண்ணியிருப்பதாகச் சொல்லித் தூக்கிக் காட்டினார், உடல் ஒரு கட்டம், மனம் ஒரு கட்டம், குடும்பமும் சமூகமும் மூன்றாவது கட்டம். சந்தனமாரி படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்தாவது ஒரு ஆளுக்குத் தோன்றியதே. பதினோரு வயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகக் கிடந்தாள், உப்பளத்துக் குடியிருப்பில் ஒரே அறையில் ஒன்பது பேர், ஒருத்தருக்குத் தொண்டை வலித்தால் ஒன்பது பேருக்கும் வலிக்கும், அந்தத் தொண்டைப் புண்தான் பிற்பாடு இதயத்துக்குப் போனது என்று ஒரு டாக்டர் சொன்னபோது, அப்படியென்றால் அந்த ஒற்றை அறைதான் என் வால்வைச் சுருக்கியது என்று கணக்காகப் புரிந்துகொண்டவள் அவள். பத்தாவது வரை படித்தவள். "சரியாச் சொன்னீங்க சார்" என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் கோமதிநாயகம், "அழுறாங்க பாருங்க, பாத்தீங்களா, ரெண்டாவது கட்டத்துல எழுதிக்கோங்க, ஆங்ஸைட்டி" என்றார். இருபது பேனாவும் குனிந்து எழுதின. அவளுக்கு வந்தது பதற்றம் இல்லை, ஆறுதல். ஆறுதல் என்று எழுத அந்தத் தாளில் இடம் இருந்ததோ என்னவோ.

இன்றைக்கு ரெனிட்டாவும் அந்த வரிசையிலேயே வந்தாள். குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மணியைப் பார்த்து, தாளைப் புரட்டி, "தூக்கம் வருதாம்மா, மனசுல எதும் கவலை உண்டா, வாழவே பிடிக்கலைன்னு எப்பவாவது தோணியிருக்கா" என்று ஒரே மூச்சில் கேட்டாள், ரேஷன் கடையில் அரிசி வாங்கியாச்சா சீனி வாங்கியாச்சா என்று கேட்கிற வேகம். பாவம், பரீட்சை. அவள் விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருந்தது சந்தனமாரிக்குத் தெரியும், இப்போதுதானே மார்பில் பட்டது. "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாங்க?" "உப்பளத்துல இருந்தாவ. இப்ப வேலைக்குப் போக முடியாது." "குடிப்பாங்களா?" "இல்ல." பேனா நின்றது. "கொஞ்சம்கூட? எப்பவாவது விசேஷத்துக்கு?" "இல்லம்மா, அந்த வாடையே அவியளுக்கு ஆகாது." அந்தப் பெண் நல்ல பெண்தான், சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டாள். இப்போது கேட்பாள், வேலைக்குப் போக முடியாது என்றேனே, ஏன் முடியாது என்று கேட்பாள், என்று சந்தனமாரி காத்திருந்தாள், தலையணையிலிருந்து தலையைக்கூடக் கொஞ்சம் தூக்கிவிட்டாள். அடுத்த கேள்வி, கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா. வெளியே. அதற்கு அடுத்தது, அடுப்பு விறகா கேஸா. கேஸ். ஏன் முடியாது என்பதற்கு அந்தத் தாளில் கோடு போட்டிருக்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் இரண்டே நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதம், உச்சிவெயில், பாத்தியில் உப்பு கண்ணைக் குத்துகிறது, மேலேயிருந்தும் வெயில் கீழேயிருந்தும் வெயில், சுடலைமணி உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடியே முகங்குப்புற விழுந்தார். தொட்டால் சுட்டது உடம்பு. அவள்தான் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள், அவள்தான் வண்டிக்கு ஓடினாள், இந்த இதயத்தை வைத்துக்கொண்டு ஓடினாள். நாலு நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்தபோது பேச்சு இழுத்தது, நடை தள்ளாடியது, ஒரு டம்ளரைப் பிடிக்கப் போனால் கை டம்ளரைத் தாண்டிப் போனது. "உடம்புச் சூடு மூளையோட பின்பக்கத்தைக் கெடுத்துருச்சும்மா, இனிமே நடையும் பேச்சும் இப்படித்தான்" என்று அவரைச் சேர்த்திருந்த மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அளத்து முதலாளி சொன்னது வேறு. குடித்துவிட்டு வெயிலில் நின்றான், விழுந்தான், அதற்கு நான் என்ன செய்ய. பச்சைத் தண்ணீர் குடிக்க ஒதுங்க ஒரு நிழல்கூடக் கட்டித் தராதவர் சொன்ன பேச்சு, ஊரெல்லாம் அதைத்தான் நம்பியது, ஏனென்றால் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது.

பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்தால் அவள் மனசு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும். நேற்று காலையில்கூட இந்த ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸிலிருந்து அவளைக் கைபிடித்து இறக்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து வந்த மனிதரை வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான். "காலையிலயே ஏத்திக்கிட்டாச்சா, அங்கயே நில்லு." சுடலைமணி ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் வார்த்தை குழறும், குழறினால் அதுவே சாட்சி. பையை அவளிடம் கொடுத்துவிட்டு எதிர்த்தாற்போல் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலு வருஷமாக அந்தப் பெஞ்சுதான் அவருக்கு இடம். இவள் உள்ளே இருக்கிற நாள் முழுவதும் அங்கேயேதான் இருப்பார், ராத்திரி அங்கேயே சாய்ந்துகொள்வார், மாத்திரை நேரத்துக்குப் போன் பண்ணுவார், "மா-ரி, ம-ஞ்ச மா-த்-திரை" என்று. வீட்டிலென்றால் போன் எதற்கு, கையிலேயே வைப்பார். நடுங்குகிற விரலால் அட்டையைப் பிதுக்குவார், மாத்திரை துள்ளித் தரையில் விழும், அந்தப் பெரிய உடம்பை மடக்கி உட்கார்ந்து தடவித் தடவி எடுப்பார், நான் எடுக்கிறேன் என்றால் விடமாட்டார். ரத்தம் இளகுவதற்கான மாத்திரை சாயங்காலம் ஆறு மணிக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, எல்லாம் காலண்டரில் வட்டம் போட்டிருப்பார், வட்டம் முட்டை மாதிரிக் கோணிக்கொண்டுதான் இருக்கும், தேதி ஒன்றும் கோணாது. ஏழு வருஷத்தில் ஒரு வேளை தப்பியதில்லை. ஒரு வேளை. இவளுக்கே அலுத்துப்போய், ஒருநாள் போடாவிட்டால் செத்தா போவேன் என்று முகத்தைத் திருப்பிய நாளில், மனிதர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வேர்வையில் மாத்திரைச் சாயம் கையில் ஒட்டிக்கொண்டது.

ரெனிட்டா எழுதி முடித்துவிட்டு, தான் எழுதியதைத் தானே முணுமுணுத்துப் படித்துக்கொண்டு நின்றாள். நேரம் இருந்தது. சந்தனமாரி மல்லாந்து விட்டத்து மின்விசிறியைப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது, தாளம் தப்பித் தப்பி, ரெண்டு அடி, ஒரு இடைவெளி, நாலு அடி. அந்த இடைவெளியில்தான் பயம் வந்து உட்காரும். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. வால்வை மாற்றுகிற ஆபரேஷனுக்கு யார் யாரை எடுக்கலாம் என்று டாக்டர்கள் உட்கார்ந்து முடிவு பண்ணுகிற கமிட்டி. இரண்டு தடவை இவள் பெயர் போய்த் திரும்பி வந்துவிட்டது. ஏன் சார் என்று கேட்டால், "பாக்கலாம்மா." எனக்கு என்ன குறை சார், ரத்தத்தில் எதுவும் சரியில்லையா? "பாக்கலாம்மா." பாக்கலாம் பாக்கலாம் என்று சொல்லியே இந்த ஒரு வருஷத்தில் படுத்துத் தூங்குவது போய்விட்டது, இரண்டு தலையணையில் சாய்ந்தபடிதான் தூக்கம், போன மாதம் இருமியதில் ரத்தம் வந்தது. எக்கோ எடுத்த டாக்டர், படத்தைப் பார்த்தபடி, "இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது, இந்த வருஷத்துக்குள்ள செஞ்சிரணும்" என்று பக்கத்திலிருந்த டாக்டரிடம் சொன்னதைக் கேட்டுவிட்டாள், கேட்காத மாதிரி சேலையைச் சரிபண்ணிக்கொண்டாள். செத்துப்போவது ஒரு பக்கம். செத்துப்போனால் அந்தப் பெஞ்சிலிருந்து அவரை யார் எழுப்பிக் கூட்டிப்போவது. ஐந்தாம் மாதத்தில் மூச்சு முட்டி, பிள்ளையும் தங்காமல் போய், அப்போதுதான் இந்த வியாதியே வெளிப்பட்டது, அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆக வீட்டில் இரண்டே பேர். ஒருத்தர் காலுக்கு ஒருத்தர் கை, ஒருத்தர் மூச்சுக்கு ஒருத்தர் முதுகு. மனசுல எதும் கவலை உண்டாம்மா? ஆகா, நன்றாகக் கேட்டாய்.

மணி அடித்தது. கோமதிநாயகம் டாக்டர் வந்தார், கையில் இவளுடைய பழைய பைல், ஆறு வருஷத்துத் தாளெல்லாம் சேர்ந்து தலைகாணிக் கனத்தில். கூடவே பரீட்சை எடுப்பதற்காக வேறு மாவட்டத்திலிருந்து வந்த டாக்டரம்மா, பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, யாரிடமும் சிரிக்காத முகம். ரெனிட்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஒப்பிக்க ஆரம்பித்தாள். சந்தனமாரிக்கு அந்த இங்கிலீஷில் முக்கால்வாசி தெரியும், தன்னைப் பற்றியே ஆறு வருஷமாகக் கேட்கிற பாட்டு அது. உறுமல் சரியாகச் சொன்னாள். வால்வு சரியாகச் சொன்னாள். தாளம் தப்புவதையும் சொன்னாள். கோமதிநாயகம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு மூன்றாவது கட்டம், மற்ற வருஷங்களில் அதை மட்டும் மேஜைப் பக்கம் தள்ளிப்போய்த்தான் பேசுவார்கள். "ஹஸ்பண்ட்?" "உப்பளத் தொழிலாளி சார், இப்ப வேலைக்குப் போறதில்லை. குடிப்பழக்கம் இல்லை சார்." கோமதிநாயகம் சிரித்தார். பைலைத் திறந்து ஒரு தாளில் விரலை வைத்தார். "இங்க என்ன எழுதியிருக்கு பாரு. ஹஸ்பண்ட் க்ரானிக் ஆல்கஹாலிக். ஃபேமிலி சப்போர்ட் இல்லை. கூட இருக்க அட்டெண்டர்கூட யாரும் வர்றதில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை மிஸ் பண்ணிட்ட." அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கேட்டேன் சார், இல்லைன்னு சொன்னாங்க." "சொல்லத்தான் சொல்லுவாங்க. அதுக்குப் பேர் டினையல். அதைத் தாண்டி உண்மையை வெளியே கொண்டுவரணும், அதுக்குத்தானே மூணாவது கட்டமே." வெளியூர் டாக்டரம்மா குறுக்கே கேட்டார், "இவ்வளவு சிவியரா இருக்கு, ஏன் இன்னும் சர்ஜரி பண்ணலை?" "அதான் மேடம் காரணம். புது வால்வு வெச்சா வாழ்நாள் பூரா மாத்திரை தவறக் கூடாது. குடிகாரன் வீடு, கவனிக்க ஆளில்லை. கமிட்டியில ரெண்டு தடவை இதைப் பாத்துட்டு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார், சமூகம் என்பது எப்படியெல்லாம் ஒரு நோயாளியைக் கெடுக்கிறது என்று பாடம் நடத்துகிற வருத்தம்.

சந்தனமாரி அசையாமல் கிடந்தாள். காதுக்குள் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. இதுவா. இதுவா அந்தப் பாக்கலாம்மா. குடிகாரன் வீடு. எந்த வீடு, எந்தக் குடிகாரன், யார் சொன்னது, யாரைக் கேட்டு எழுதியது, என்றைக்கு எழுதியது. தேடினாள், மனசு தாறுமாறாக ஓடித் தேடியது, ஒரு சாயங்காலத்தில் போய் முட்டிக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முன், இதே வார்டு, மாத்திரைப் பையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள், அதைக் கொடுக்க நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, பெண்கள் வார்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் "மா-ரி" என்று கூப்பிட்டார். ஆயா கத்தினாள், வாட்ச்மேன் வந்து சட்டையைப் பிடித்தான். பயிற்சிக்கு இருந்த ஒரு சின்ன டாக்டர் எட்டிப் பார்த்து, "இவரா உங்க வீட்டுக்காரர்" என்று கேட்டுவிட்டு, மேஜைக்குப் போய் இவள் பைலில் ஏதோ எழுதினார். உள்ளே விடச் சொல்லி அனுமதி எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு இவள், "ரொம்ப நன்றி சார், நல்லாருப்பீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டாளே! தன் கழுத்துக்குச் சுருக்கு எழுதுகிறவனைக் கும்பிட்டாளே. அந்த ஒரு வரியைத்தான் நாலு வருஷமாக ஆளாளுக்குப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், ஒருத்தனாவது தலையைத் தூக்கி இவளைப் பார்த்துக் கேட்கவில்லை, கேட்ட பிள்ளைகள் இல்லை என்று எழுதினால் அது தப்பாம், இவள் இல்லை என்று சொல்வதுதான் குடிக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாம். போன வருஷப் பரீட்சையில் ஒரு பையன் மேஜைப் பக்கமிருந்து கண் கலங்கிப் போனானே, அவனும் உண்மையை எழுதித்தான் கெட்டானோ. அதே பைலில், பத்துத் தாள் தள்ளி, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறது, மாத்திரை தவறினவளுக்கு அந்த எண் அப்படி ஒரே சீராக நிற்குமா, டாக்டருக்குப் படித்தவர்களுக்கு அது தெரியாதா. அதைத் திருப்பிப் பார்க்க ஒரு விரல் இல்லை. அவரை வாசலில் மறிப்பதும் இவர்கள், கூட யாரும் வருவதில்லை என்று எழுதுவதும் இவர்கள். உடம்பு மட்டும் பார்த்த காலத்திலாவது உறுமலைக் கேட்டுவிட்டுப் போனார்கள், பொய் எழுதவில்லை. வீட்டையும் பார்க்கிறேன் என்று கிளம்பி, வீட்டுப் பக்கமே வராமல், வாசலில் நின்ற மனிதனை ஒரு பார்வை பார்த்து முடித்துக்கொண்டார்கள்.

"சாரி சார்" என்றாள் ரெனிட்டா. குனிந்து, தன் தாளில் எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தாள், மேலே வேறு என்னவோ எழுதினாள். அதைப் பார்த்ததும்தான் சந்தனமாரிக்குத் தாங்கவில்லை. பெரியவர்கள் எழுதினது கூடப் போகட்டும், இந்தப் பிள்ளை காதால் கேட்டு எழுதினது, இதோ பத்து நிமிஷத்துக்கு முன், என் கண் முன்னால். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக மாட்டினாள், சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "படுங்கம்மா, இன்னும் முடியலை, மேடம் குழாய் வெச்சுக் கேக்கணும்" என்றார் கோமதிநாயகம். "படுக்க மாட்டேன்." "என்னம்மா?" "அந்தப் பிள்ள முதல்ல எழுதினதுதான் நிசம். அத அடிக்கச் சொல்லாதிய. எங்க வீட்டு ஆளு குடிக்க மாட்டாவ. வெயில்ல விழுந்து மூளை கெட்டுப்போச்சு, அதனால தள்ளாடுதாவ. எனக்கு ஏழு வருசமா மாத்திரை எடுத்துத் தாறது அவியதான்." "சரிம்மா, அப்புறம் பேசலாம், எக்ஸாம் நடக்குது." "அப்புறம்னா வெள்ளிக்கிழமைக்கு அப்புறமா? கமிட்டி முடிஞ்ச பெறகா? என் நெஞ்சச் சத்தம் மட்டும் இப்ப வேணும், நான் சொல்லுதது அப்புறமா?" மூச்சு வாங்கியது, வாங்கட்டும். அந்த ஹாலில் வரிசையாக எட்டுக் கட்டில், எட்டுக் கேஸ், எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வெளியூர் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவர் எங்கம்மா இப்போ?" "வெளிய பஸ் ஸ்டாப்ல. நேத்துலேருந்து உக்காந்திருக்காவ. உங்க வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கான்." டாக்டரம்மா கோமதிநாயகத்தைப் பார்த்தார், அவர் கடியாரத்தைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் ஒரு ஊழியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சுடலைமணியை இரண்டு பேர் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துப் பிடித்துக் கூட்டிவந்தார்கள், திருடனைக் கூட்டிவருகிற மாதிரி. விட்டதும் அவர் காலை அகட்டி வைத்து, ஒரு பக்கம் சரிந்து, மறு பக்கம் சரிந்து, அவள் கட்டிலை மட்டும் பார்த்தபடி நடந்து வந்தார். "எ-ன்ன மாரி, எ-ன்னா-ச்சு?" அந்த நாலு எட்டு நடையைப் பார்த்தபோதே வெளியூர் டாக்டரம்மா முகம் மாறியது, "இது ஆல்கஹால் இல்லையே" என்று வாய்க்குள் சொன்னார். கோமதிநாயகமும் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வெட்கம் வரும், ஒரு நிமிஷமாவது வரும் என்று சந்தனமாரி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது வெட்கம் இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த மலர்ச்சி. "ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க, ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு நில்லுங்க. உங்க மூக்கைத் தொடுங்க, இப்ப என் விரலைத் தொடுங்க." சுடலைமணியின் விரல் நடுங்கி நடுங்கிப் போய் அவர் விரலைத் தாண்டிக் காற்றைத் தொட்டது. "பாத்தீங்களா, பாத்தீங்களா? க்ளாஸிக். சிறுமூளை. ரெனிட்டா, கிட்ட வா, இந்தக் கை நடுக்கத்துக்கு என்ன பேர்?" பக்கத்துக் கட்டில்களிலிருந்து நாலைந்து வெள்ளைக் கோட்டுகள் நகர்ந்து வந்தன. "ரொம்ப நல்ல கேஸ்" என்றார் கோமதிநாயகம். "அடுத்த எக்ஸாமுக்கு இவரையும் கூட்டிட்டு வாங்கம்மா."

சந்தனமாரி கட்டிலைவிட்டு இறங்கினாள். மேஜையில் இருந்த பைலை எடுத்தாள், அந்தக் கனத்துக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்று கட்டம் போட்ட தாளைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். "அவிய கேஸ் இல்ல சார். எனக்குத் துணைக்கு வந்த ஆளு. அத இதுல எழுதுங்க. எழுதி உங்க கையெழுத்தும் தேதியும் போடுங்க, வெள்ளிக்கிழமை இந்தத் தாளுதான் போவணும்." கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. வெளியூர் டாக்டரம்மா தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கினார். பழைய வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார், நிமிர்ந்து இவளைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, என்ன எழுதணும்?" என்றார். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒற்றை அறையிலிருந்து தொடங்கலாம், உப்புப் பாத்தியிலிருந்து தொடங்கலாம். அவள் வாயைத் திறந்தபோது அவளுக்குப் பின்னால் கட்டில் கம்பி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். சுடலைமணி இன்னும் அந்த டாக்டர் நிற்கச் சொன்னபடியே இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றுகொண்டிருந்தார், போதும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, விழுந்துவிடாமல் இருக்கக் கம்பியைப் பிடிப்பதும், பிடிக்கக் கூடாதோ என்று கையை இழுத்துக்கொள்வதுமாக, முழங்கால் இரண்டும் வெடவெடக்க.

"சொல்லுதேன் சார்" என்றாள் சந்தனமாரி. "முதல்ல அவிய உக்கார ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."